இரண்டு நாள் லீவு, எழுபது கிலோமீட்டர் கரை: கேமராவோடு எங்கே இறங்குவது?

கோயம்புத்தூரில் இருக்கும் மச்சினன் போன டிசம்பர் தொடக்கத்தில் கூப்பிட்டான். "அத்தான், ரெண்டு நாள் லீவு சேந்தாப்பல கிடைக்கும். பாறை, அலை, வள்ளம், கடற்கரை ஊரு எல்லாம் எடுக்கணும். ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன். குமரி மாவட்டக் கரையில் பதினொரு இடம். வட்டக்கோட்டையில் தொடங்கி நீரோடியில் முடிந்தது. நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்த பலர் அந்தப் பதினொன்றில் பாதியைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இது போட்டோ எடுக்கிற லிஸ்ட் இல்லடே, மினி பஸ் ரூட்டு" என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டான். அப்புறம் போனிலேயே ஒவ்வொன்றாக அடித்தோம். எதை அடித்தோம், எதை வைத்துக்கொண்டோம், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார்கள்.

குமரி மாவட்டக் கரை கிழக்கே ஆரோக்கியபுரத்திலிருந்து மேற்கே நீரோடி வரை ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள். ஒரு ஊர் முடிகிற இடமும் அடுத்த ஊர் தொடங்குகிற இடமும் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. குருசடியை, அதாவது சிலுவை வைத்த சிறு கோயிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் காரில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் கரையோரச் சாலை ஊருக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். ஒரு கல்யாண ஊர்வலமோ, வலை காயப்போட்ட தெருவோ குறுக்கே வந்தால் அவ்வளவுதான். படத்துக்கு வேண்டிய வெளிச்சம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். இரண்டு நாளில் மொத்தம் நாலு தடவை. பதினொரு இடத்தை நாலு தடவைக்குள் எப்படி அடைப்பது?

ஆகவே முதல் கேள்வி: சூரியன் எங்கே எழுகிறது, எங்கே விழுகிறது?

கன்னியாகுமரியில் உதயமும் அஸ்தமனமும் கடலில் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. உதயம் வருஷம் முழுக்கக் கடலில்தான், சந்தேகமில்லை. அஸ்தமனம் அப்படி இல்லை. முனையிலிருந்து மேற்கே போகும் கரை நேர் மேற்காகப் போகாமல் சற்று வடக்கே சாய்ந்து போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கில் இறங்கும்போது கடலில் விழும். சித்திரைக்குப் பிறகு அது வடமேற்குப் பக்கம் நகர்ந்துவிடும். முனையில் நின்றால் தென்னந்தோப்புக்குப் பின்னால்தான் மறையும். ஜூன் மாதம் போய் நின்றுவிட்டு ஏமாந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

முட்டத்தைத் தாண்டியதும் கரை இன்னும் நன்றாக வடமேற்கே திரும்பிவிடுகிறது. அங்கிருந்து குளச்சல், தேங்காய்பட்டணம், தூத்தூர் எங்கே நின்றாலும், மேகம் விட்டுவைத்தால், பன்னிரண்டு மாதமும் சூரியன் கடலில்தான் விழும். இந்த ஒரு விஷயம் புரிந்தாலே லிஸ்டில் பாதி தானாக அடிபடும். காலைப் படம்தான் முக்கியம் என்றால் கிழக்குக் கோடி, மாலைப் படம் என்றால் முட்டமும் அதற்கு மேற்கும். குளிர்காலம் என்றால் மட்டும் முனையில் இரண்டுக்கும் ஆசைப்படலாம்.

சரி, கிழக்கிலிருந்து வருவோம்.

கன்னியாகுமரி முனையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபம், 2000 ஜனவரி முதல் தேதி திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் இரண்டையும் இணைத்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். இந்த மூன்றும் ஒரே ஃபிரேமில் வரும் உதயப் படம் ஏற்கெனவே லட்சக்கணக்கில் எடுக்கப்பட்டுவிட்டது. இன்னொன்று எடுப்பதில் தப்பில்லை, நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். விடியற்காலை ஐந்து மணிக்கே கைப்பிடிச் சுவரோரம் இடம் கிடைக்காது. கேமரா முக்காலியை விரித்தால் யாராவது ஒருவர் தடுக்கி விழுவார். லாட்ஜ் வாடகையும் அந்த இரண்டு மாதம் ஏறிவிடும்.

முனையில் எனக்குப் பிடித்தது சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்கும் படம். அலங்கார உபகார மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரத்தில் முதல் வெயில் படும்போது, அதற்கு முன்னால் இருக்கும் மணல்கரையில் வள்ளக்காரர்கள் (சிறு படகில் கடலுக்குப் போகிறவர்கள்) வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுலாக் கூட்டத்திலிருந்து பத்து நிமிஷ நடைதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அங்கிருந்து சற்று வடக்கே சின்னமுட்டம் துறைமுகம். இங்கே ஒரு தப்புக் கணக்கு நடக்கும். துறைமுகம் என்றால் காலையில் மீன் ஏலம் இருக்கும் என்று நினைத்து ஆறு மணிக்குப் போய் நிற்பார்கள். விசைப்படகுகள் விடியுமுன்னே போயிருக்கும். திரும்பி வருவது இரவு. சின்னமுட்டத்தின் ஏலம் விளக்கு வெளிச்சத்தில் நடக்கிற விஷயம். கறுப்பு வானம், மஞ்சள் விளக்கு, ஈரத் தரையில் அதன் நிழல், ஐஸ் பெட்டி, சத்தம். இரவுப் படத்துக்கு மனசு இருந்தால் மாவட்டத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பாறையும் குகையும் தேடி வந்தவருக்கு இங்கே வேலையும் இல்லை.

வட்டக்கோட்டை இன்னும் சற்று வடக்கே. கடலுக்குள் மூக்கை நீட்டிய கருங்கல் கோட்டை. மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் காற்றாலைகளும். மார்த்தாண்ட வர்மா காலத்தில் இதைப் பலப்படுத்தியவர் டச்சுக் கம்பெனிப் படையில் இருந்த டிலனாய். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டவர், பிறகு அதே திருவிதாங்கூருக்குத் தளபதியானார். இந்தக் கரையின் கிழக்கையும் மேற்கையும் ஒரே ஆளின் கதை கட்டிப்போட்டிருக்கிறது. படம் என்று பார்த்தால், விடியலில் கோட்டைக் கதவு திறந்திருக்காது. திறக்கும்போது வெயில் தலைக்கு ஏறியிருக்கும். பிற்பகல் நாலு மணிக்கு மேல் மலைப் பக்கம் பார்த்து எடுப்பது ஒன்றுதான் தேறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முக்காலியையே தள்ளிவிடும். மச்சினன் லிஸ்டில் முதலில் அடித்தது இதைத்தான். கோட்டை அருமையானது, ஆனால் இரண்டு நாளில் ஒரு மாலையைக் கொடுக்குமளவுக்கு இல்லை.

மணக்குடி வேறு மாதிரி. பழையாறு கடலில் கலக்கும் இடம். ஒரு பக்கம் கீழமணக்குடி, மறுபக்கம் மேலமணக்குடி, நடுவே காயல். பாறை கிடையாது, மேடு கிடையாது. எல்லாம் தாழ்வாக, விரிந்து கிடக்கும். அலையாத்திச் செடிகள், கொக்கு, காயலில் வலை வீசும் ஒற்றை ஆள். காற்றில்லாத காலையில் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். பாலத்தின் மேலிருந்து எடுத்தால் வானம் இரண்டு தடவை வரும். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்தது, இப்போது நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. பறவை எடுப்பவருக்கும், அமைதியான படம் பிடிப்பவருக்கும் மணக்குடியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாறை, அலை என்று கேட்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

இப்போது முட்டம். இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து பதினாறு கிலோமீட்டர் வாக்கில். குமரிக் கரை பெரும்பாலும் தாழ்ந்த மணல்கரை. முட்டத்துக்கு வரும்போது நிலம் திடீரென்று எழுந்து நிற்கும். மேலே செம்மண் தேரி, அதாவது மேடு. மழை அரித்து அரித்து அதில் சின்னச் சின்ன ஓடைகள் விழுந்திருக்கும். அதற்குக் கீழே கறுத்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கடலுக்குள் இறங்கும். அதற்கும் கீழே வெள்ளை நுரை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, அப்புறம் நீலம். இந்த நாலு நிறமும் ஒரே படத்தில் விழுவது இந்த மாவட்டத்தில் இங்கே மட்டும்தான். ஒரு காலத்தில் தமிழ் சினிமா இங்கேயே குடியிருந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன வளைவுகள் உண்டு. சிலவற்றில் பத்து வள்ளம் ஏற்றி வைக்குமளவுக்கு மணல், சிலவற்றில் ஒரு ஆள் நிற்குமளவுக்குத்தான். மாலை ஐந்தரைக்கு மேல் மேட்டில் நின்று கீழே பார்த்தால், வளைவுக்குள் நிழல் விழுந்து, வெளியே பாறையின் நெற்றியில் மட்டும் வெயில் இருக்கும். கேமரா இந்த வித்தியாசத்தைத் தாங்காது. வெயில் விழுந்த பாறைக்கு வெளிச்சத்தை அளந்து எடுத்துவிட்டு நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள். நிழலுக்குள் எல்லாம் தெரிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் தூக்கித் தூக்கி, கடைசியில் காலண்டர் படமாக்கிவிடுகிறவர்கள் அதிகம்.

கலங்கரை விளக்கத்தின் மேலிருந்து ஒரு பக்கம் கடியபட்டணமும் மறுபக்கம் முட்டம் ஊரும் தெரியும். ஏற விடும் நேரத்தை வாசலில் கேட்டுவிட்டு அன்றைய திட்டத்தைப் போடுங்கள். மேலே போனால் அகலக் கண்ணாடியை (வைட் லென்ஸை) மறந்துவிட்டு 70-200 மாதிரி தூரக் கண்ணாடி ஒன்றை மாட்டுங்கள். ஓடுகளும் மாடிகளும் நெருக்கி அடித்த ஊர், நடுவில் தலைநிமிர்ந்த கோயில் கோபுரம், பின்னால் கடல். இந்தக் கோபுரங்கள் வெறும் அழகுக்கு உயரமாக நிற்பவை அல்ல. கடலில் இருப்பவர்களுக்குக் கரையின் அடையாளம் அதுதான். கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையையும் நேர்க்கோட்டில் பிடித்து, எந்தப் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேல் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கடலிலிருந்து பார்ப்பதை நீங்கள் திருப்பிப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்குக் கரைக்கு இறங்கினால் நெத்தோலி வள்ளம் வரும் நேரம். நாலு பேர் வலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறுவார்கள். ஒரு சொல் பேசாமல், ஒரே தாளத்தில். ஒவ்வொரு உதறலுக்கும் மீன் ஒரு முழம் மேலே எழும்பி விழும். செதில் பறந்து அவர்கள் முழங்கையில் ஒட்டும்; இரண்டடி தள்ளி நின்றால் உங்கள் கண்ணாடியிலும் ஒட்டும். 1/1000 நொடியில் எடுத்தால் ஒவ்வொரு மீனும் தனித்தனியாக வானத்தில் நிற்கும். 1/30-இல் எடுத்தால் மீன் எல்லாம் வெள்ளிக் கோடாகிவிடும், ஆனால் ஆட்களின் பாதம் மட்டும் மணலில் அசையாமல் இருக்கும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. நூறு எடுத்தால் ஒன்று தேறும்.

முதல் தடவை இதை எடுக்கப் போனபோது, சருவத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன பிள்ளே, மீன் வாங்காம படம் மட்டும் புடிக்கியா?" என்றார். ஒரு கூறு சாளை (மத்தி மீன்) வாங்கினேன். அதை முக்காலியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டுதான் அன்று முழுக்கச் சுற்றினேன். அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. பூனைகள் மட்டும் கூடவே வந்தன.

முட்டத்தின் குறை என்ன? பாறைதான். நம் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் வெளிநாட்டுப் புத்தகங்களில் சொல்வது போல ஓத அட்டவணை பார்த்துத் திட்டமிடுவதில் பெரிய பயன் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது அலையை. எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து பாறையை மோதும். கள்ளக்கடல் என்பது அதுதான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படி ஒரு நாளில்தான். வானம் தெளிவாக இருந்தால் கடலும் நல்ல பிள்ளையாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கிளம்பும் முன் இன்காய்ஸ் என்ற மத்திய அரசுக் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள், கரையில் யாரையாவது கேளுங்கள்.

நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்து. கடியபட்டணம் பக்கம் ஒரு பாறையில் முக்காலியை நிறுத்தி, கறுப்பு ஃபில்டர் போட்டு, அரை நிமிஷ எக்ஸ்போஷர். இருபது நிமிஷம் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வரவில்லை. இருபத்தோராவது நிமிஷம் வந்தது. நான் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், கேமராவைக் கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு, உப்பு ஏறிவிட்டது என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்றைக்குப் பக்கத்தில் சிப்பிக்கு முங்கிக்கொண்டிருந்த ஒருவர் ஏறி வந்து, தோளில் கிடந்த வலைப்பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, பாறையில ஈரம் எதுவர கெடக்குன்னு பாத்தியளா? அதுக்கு மேல நின்னா போதும். பச்சையா இருந்தா கால வைக்கவே வைக்காதீங்க. கடலு ஒரே மாதிரி வராது, பாத்துக்கிடுங்க." இத்தனை வருஷத்தில் எந்தப் போட்டோகிராபி வகுப்பிலும் இதைவிட உருப்படியான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

முட்டத்துக்கு மேற்கே, மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் மணல் கறுப்பு. இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த கனிம மணல். அலை வடிந்து போகும்போது கறுப்பும் கருஞ்சிவப்பும் வரி வரியாகப் பிரிந்து, மயில் தோகை போல ஒரு கோலம் விழும். அடுத்த அலை அழித்துவிடும். குனிந்து கீழேயே பார்த்து எடுப்பவருக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது. கறுப்பு மணலைப் பார்த்துக் கேமரா இருட்டு என்று ஏமாந்து படத்தை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். இதற்காகத் தனியாகப் போக வேண்டாம், முட்டத்திலிருந்து திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

முட்டத்துக்குச் சரியான போட்டி என்றால் அது குளச்சல் முதல் இனயம் வரையுள்ள பகுதி. குளச்சல் ஒரு ஊராகவே எடுக்க வேண்டிய ஊர்: துறைமுகம், மீன்சந்தை, 1741 போரின் நினைவுத் தூண், கடலுக்குள் தலைநீட்டிய பாறைகள். அங்கிருந்து வாணியக்குடி, குறும்பனை என்று போகப் போக, கருங்கல் கொட்டிய தடுப்புச் சுவரும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவு என்ற கல் தடுப்பும்தான் கரை. சிலருக்கு இது பிடிப்பதில்லை. "இயற்கையா இல்லையே" என்பார்கள். எனக்கு மாறாகத் தோன்றுகிறது. கடல் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட கரையின் உண்மையான முகம் இந்தக் கல்தான். சுவரின் மேல் துணி காயும், பையன்கள் தூண்டில் போடுவார்கள், அப்பால் அலை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும். ஊரையும் மனிதரையும் எடுக்க விரும்புகிறவர் முட்டத்தைவிட இங்கே இரண்டு நாள் தங்குவதே மேல். பாறை மேடும் செம்மண்ணும் வேண்டுமென்றால் முட்டம்.

தேங்காய்பட்டணத்தில் குழித்துறையாறு கடலில் கலக்கிறது. அக்கரையில் இரயுமன்துறை, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் கடலும் நெருக்கும் ஊர். மேலிருந்து பார்த்தால் தென்னையும் தண்ணீரும் கேரளப் படம் போலவே இருக்கும். துறைமுக முகத்துவாரம் அழகுதான், ஆனால் பருவமழைக் காலத்தில் அங்கே படகு கவிழ்ந்து இறந்தவர்கள் பலர். அலையில் படகு எகிறி வருவதைப் பார்த்து, அருமையான ஷாட் என்று சத்தம் போடாதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் அண்ணன் அந்தப் படகில் இருக்கலாம்.

அதற்கு மேற்கே தூத்தூர் வட்டார ஊர்கள். ஆழ்கடல் மீன்பிடிப்பில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். அதனாலேயே கரையில் எடுக்க ஒன்றும் கிடைக்காது. ஆண்கள் நடுக்கடலிலோ கொச்சியிலோ இருப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அதிகம் இழந்தவை இந்த ஊர்கள்தான். அப்போது வந்து குவிந்த கேமராக்களை யாரும் மறக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் கூட இல்லாமல் போக வேண்டாம் என்பேன். மச்சினன் லிஸ்டில் மேற்குக் கோடி முழுக்க அடிபட்டது இதனால்.

டிசம்பர் 26-ஐ விட்டுவிடச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். அவன் கேட்டிருந்தது கிறிஸ்துமஸும் அடுத்த நாளும். 26 அன்று மணக்குடி, கொட்டில்பாடு, குளச்சல் எல்லா இடத்திலும் சுனாமியில் போனவர்களுக்குத் திருப்பலியும் மௌன ஊர்வலமும் இருக்கும். ஸ்டார் விளக்கும் குடிலும் எடுக்க வேண்டுமென்றால் 23, 24-இல் வா, மீன்பாடு எடுக்க வேண்டுமென்றால் ஜனவரியில் வா என்றேன். ஜனவரியில் ஒரு வெள்ளியும் சனியுமாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமையை வேண்டுமென்றே விட்டோம். கத்தோலிக்க ஊர்களில் அன்று பெரும்பாலும் கடலுக்குப் போவதில்லை. வள்ளமெல்லாம் கரையில் வரிசையாக நிற்கும், ஆள் எல்லாம் கோயிலில் இருப்பார்கள். வெறும் வள்ளம் போதும் என்றால் ஞாயிறு நல்ல நாள்.

மீன்பிடித் தடைக்காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியாது. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காலண்டர். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. முட்டம், குளச்சல், தேங்காய்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31. விசைப்படகுக்குத்தான் தடை, வள்ளத்துக்கு இல்லை. தடைக்காலத்தில் துறைமுகம் நிறைய விசைப்படகுகள் நெருக்கி நிற்கும். பெயின்ட் அடிப்பதும் வலை பின்னுவதுமாக அது ஒரு தனி அழகு. மற்றபடி ஜூன், ஜூலையில் வந்தால் கச்சான் காற்றும் மழையும் பேரலையும். நல்ல அலைப் படம் வேண்டுமென்றால் அந்த இரண்டு மாதம்தான், ஆனால் மேட்டிலிருந்து மட்டும். பாறைக்கு இறங்கவே கூடாது. ஜனவரி, பிப்ரவரியில் வாடைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை தணிந்திருக்கும், காற்று தெளிவாக இருக்கும். முதல் தடவை வருபவருக்கு இதுதான் காலம்.

கருவிகளைப் பற்றி அதிகம் இல்லை. ஒரு அகலக் கண்ணாடி, ஒரு தூரக் கண்ணாடி, கழுவிய பழைய பனியன் துணி நாலு. உப்புத் துளியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடையுங்கள். முக்காலியின் கால் மூட்டுகளை அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நல்ல செல்போன் வைத்திருப்பவர் ஊருக்குள் எடுக்க அதுவே போதும், பெரிய கேமராவைவிட ஆட்களை மிரட்டாது. ட்ரோன் கொண்டுவர வேண்டும் என்று மச்சினன் ஒற்றைக்காலில் நின்றான். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, உள்ளூர்ப் போலீஸிலும் ஊர்க்காரர்களிடமும் கேட்டுவிட்டுப் பறக்கவிடு என்றேன். இரண்டு நாளில் அதற்கு அலைவதற்குப் பதில் கலங்கரை விளக்கத்தில் ஏறலாம் என்று அவனே விட்டுவிட்டான்.

தங்குவது? கன்னியாகுமரியில் தங்கி முட்டம் போய்வரலாம் என்பார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் என்றால் நாகர்கோவில் வந்து மாற வேண்டும். விடியலுக்கு ஒத்துவராது. ரயிலில் வருபவர் முட்டம், குளச்சல் என்றால் இரணியலில் இறங்கலாம், தேங்காய்பட்டணம் என்றால் குழித்துறை. அவனுக்கு எங்கள் வீடு இருந்தது, என் பைக்கும் இருந்தது.

கடைசியில் பதினொன்றில் தங்கியது இரண்டு. முட்டத்துக்கு மூன்று வேளை, மணக்குடிக்கு ஒரு காலை. "மூணு தடவை அதே இடத்துக்கா அத்தான்?" என்று முனகினான். வெள்ளிக்கிழமை காலை அவன் எடுத்ததில் நெத்தோலி ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. மாலையில் பாறைக்கு மேலே மேகம் மூடி, அஸ்தமனமே இல்லை. நானூறு படம், எல்லாம் சாம்பல். சனிக்கிழமை காலை மணக்குடி காயலில் ஒரு நல்ல கொக்கு கிடைத்தது. அன்று மாலை முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே ஒரு வளைவில், நேற்று வெயில் எங்கே விழாமல் போனது என்று தெரிந்த இடத்தில் முன்கூட்டியே போய் நின்றான். பாறையின் நெற்றியில் ஆறு நிமிஷம் வெயில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வள்ளம் உள்ளே வந்தது. நான் மேட்டிலிருந்து கூப்பிட்டேன், அவன் காதில் விழவில்லை.

இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தோம். அவன் முக்காலியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. கரைக்கு இறங்கியவனை, என்னிடம் கேட்ட அதே கேள்வியை இன்னொரு பாட்டி கேட்டிருக்கிறார் போல. என் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "நெத்தோலியா? மாங்கா கெடக்கு, அவியல் வச்சிரலாம். அந்தக் கேமரா பைய முதல்ல வெளிய வைடே, வீடெல்லாம் நாறுது" என்று தம்பியைத் திண்ணைக்கு விரட்டினாள்.